பெயரற்ற மூதாட்டியும் முன்னாள் வழக்கறிஞரும்: சூசன் விட்டிக் ஆல்பர்ட்டின் துப்பறியும் புதினங்களில் மூலிகை அறிவின் சாட்சித் தகுதி

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் விட்டிக் ஆல்பர்ட் 1992இல் தொடங்கிய சைனா பேல்ஸ் வரிசைப் புதினங்களில், மூலிகைக் கடை நடத்தும் பெண்ணொருத்தி தன் சிறுநகரில் நிகழும் கொலைகளின் உண்மையைக் கண்டறிகிறாள். அவளது மூலிகை அறிவு துப்பறிதலுக்கு எந்த அளவு பயன்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. அகதா கிறிஸ்டி, எல்லிஸ் பீட்டர்ஸ் ஆகியோரின் படைப்புகளோடு ஒப்பிட்டும், தமிழ்ப் பொருளிலக்கணத்தின் கருப்பொருள், உரிப்பொருள் ஆகிய கருத்தாக்கங்களைத் துணைகொண்டும் இவ்வினா ஆராயப்படுகிறது. ஆல்பர்ட்டிடம் செடி கொலைக் கருவி என்னும் நிலையிலிருந்து குறியீடு என்னும் நிலைக்கு நகர்கிறது என்பதும், கதைத்தலைவியின் சொல் ஏற்கப்படுவது அவளது மூலிகை அறிவைவிடச் சட்ட அறிவையே சார்ந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புதினம், மூலிகை அறிவு, சாட்சியம், கருப்பொருள், பெண் கதைமாந்தர், சூசன் விட்டிக் ஆல்பர்ட்

முன்னுரை

1775ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கான அம்மருந்தை ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நெடுங்காலம் மறைபொருளாகக் காத்துவந்தார். பயிற்சி பெற்ற மருத்துவர்கள் கைவிட்ட சிலரையும் அவர் குணப்படுத்தியிருந்தார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த அம்மருந்தில் உண்மையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியே என்று விதரிங் உணர்ந்தார். பத்தாண்டுகள் அதனை ஆய்ந்து 1785இல் அவர் வெளியிட்ட நூல் மருந்தியல் வரலாற்றில் நிலைபெற்றது. அந்நூலில் மூதாட்டி இடம்பெறுகிறார். அவர் பெயர் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் வழங்கிய 'மதர் ஹட்டன்' என்னும் பெயர் இருபதாம் நூற்றாண்டின் மருந்து விளம்பரம் ஒன்றிலிருந்து பரவியதேயன்றி விதரிங் தந்ததன்று.

இந்நிகழ்வில் இருவகை அறிவுகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று தோட்டத்திலும் அடுக்களையிலும் வாய்மொழியாகக் கைமாறும் அறிவு. மற்றொன்று அளந்து, எழுதி, பெயரிட்டு நிறுவும் அறிவு. முதலாவது நோயைத் தீர்க்கலாம். ஆயினும் அது சான்றாக ஏற்கப்பட இரண்டாவதன் ஒப்புதலை எதிர்நோக்கி நிற்கவேண்டியிருக்கிறது.

மூலிகை அறிந்த பெண்ணைத் துப்பறிபவளாக நிறுத்தும் புதினங்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கதையளவிலேனும் மாற்றியமைப்பதாக வாசகருக்கு உறுதியளிக்கின்றன. காவல்துறைக்குப் புலப்படாதது தோட்டக்காரிக்குப் புலப்படும் என்பதே அவ்வுறுதி. அது எந்த அளவு நிறைவேறுகிறது என்பதை, இவ்வகைமையில் பெரிதும் வாசிக்கப்பட்ட வரிசை ஒன்றைக் கொண்டு காண இக்கட்டுரை முயல்கிறது.

களமும் கதைத்தலைவியும்

சைனா பேல்ஸ் வரிசையின் முதற்புதினம் 'டைம் ஆஃப் டெத்' 1992இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஒரு மூலிகையின் பெயரும் காலத்தைக் குறிக்கும் சொல்லும் 'டைம்' என ஒரே ஒலியுடையன. மரண வேளை என்றும் மரண மூலிகை என்றும் பொருள்படும் இச்சிலேடை வரிசை முழுவதற்கும் முன்மாதிரியாகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் குன்றுப்பகுதியில், ஆஸ்டின், சான் அன்டோனியோ ஆகிய பெருநகரங்களுக்கு இடையே அமைந்ததாகப் புனையப்பட்ட பீகன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிறுநகரே கதைக்களம்.

கதைத்தலைவி சைனா பேல்ஸ் ஹூஸ்டன் நகரில் குற்றவியல் வழக்குகளில் எதிர்த்தரப்புக்காக வாதாடியவள். போட்டியும் பரபரப்பும் மிக்க அத்தொழிலைத் துறந்து, பீகன் ஸ்பிரிங்ஸில் 'டைம் அண்ட் சீசன்ஸ்' என்னும் மூலிகைக் கடையைத் தொடங்குகிறாள். அதே கட்டடத்தில் அவள் தோழி ரூபி வில்காக்ஸ், சோதிடம், படிகக்கற்கள் முதலியவற்றை விற்கும் கடையை நடத்துகிறாள். ஹூஸ்டன் காவல்துறையில் கொலை வழக்குகளைப் புலனாய்ந்து, பின் கல்லூரி ஆசிரியரான மைக் மெக்வெய்டு சைனாவின் காதலன். 1999இல் வெளிவந்த 'லாவெண்டர் லைஸ்' புதினத்தில் கணவனாகிறான்.

இங்கு ஒரு தெளிவு தேவை. சைனாவை மூலிகை மருத்துவச்சி எனக் கொள்வது பொருந்தாது. அவள் நாடி பார்ப்பதில்லை. நோய்க்கு மருந்து வகுப்பதும் இல்லை. உலர்ந்த மூலிகைகள், தேநீர் வகைகள், நறுமணப் பொருள்கள், மலர் வளையங்கள் ஆகியவற்றை விற்கும் வணிகர் அவள். அவளது அறிவு செடியை வளர்த்தல், சமைத்தல், அதன் வரலாற்றையும் நம்பிக்கைகளையும் எடுத்துரைத்தல் ஆகியவற்றைச் சார்ந்தது. விதரிங் சந்தித்த அறிவு நோயாளியின் உடலில் சோதிக்கப்பட்டது. சைனாவின் அறிவோ பெரும்பாலும் நூல்வழியும் தோட்டவழியும் வந்தது. இவ்வேறுபாடு பின்வரும் வாதத்திற்கு அடிப்படையாகும்.

செடி கருவியாகும் கதைகள்

ஆல்பர்ட்டின் தனித்தன்மையை உணர அவருக்கு முற்பட்ட இரு படைப்புகளை நோக்குதல் வேண்டும்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் டார்க்கீ நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றியவர் அகதா கிறிஸ்டி. அவருடைய நச்சியல் அறிவின் ஊற்று அதுவே. 1932இல் வெளிவந்த 'தி தர்டீன் ப்ராப்ளம்ஸ்' தொகுப்பில் 'தி ஹெர்ப் ஆஃப் டெத்' என்னும் கதை உள்ளது. வாத்திறைச்சிக்குள் வைக்கும் சேஜ் இலைகளோடு ஃபாக்ஸ்குளோவ் இலைகளும் கலந்துவிடுகின்றன. உண்ட அனைவரும் நோயுறுகின்றனர். ஓர் இளம்பெண் மட்டும் இறக்கிறாள். அறியாமல் நேர்ந்த பிழை என்றே உலகம் கருதுகிறது. அனைவரும் ஒரே உணவை உண்டிருக்க ஒருத்தி மட்டும் இறந்தது ஏன் என்னும் வினாவிலிருந்து மிஸ் மார்ப்பிள் உண்மையை அடைகிறார். இலைக் கலப்பு வெறும் திரை. கொன்றது, அதே செடியிலிருந்து பெறப்பட்டு இதய நோய்க்கு மருந்தாக வீட்டில் இருந்த டிஜிடலின். சமையல் தவறாகத் தோன்றியதன் பின்னே ஒரு முதியவனின் முறையற்ற பற்று ஒளிந்திருக்கிறது. விதரிங்கின் மூதாட்டி அறிந்திருந்த செடியே இக்கதையின் அச்சாணியாக அமைந்தது எண்ணத்தக்கது.

எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயரில் எடித் பார்ஜிட்டர் எழுதிய 'மங்க்ஸ்ஹுட்' (1980) பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஷ்ரூஸ்பரி மடத்தைக் களமாகக் கொண்டது. இதில் துப்பறிபவர் ஆண்; மடத்து மூலிகைத் தோட்டத்தைப் பேணும் துறவி காட்ஃபேல். மூட்டுவலிக்கு மேற்பூச்சாக அவர் காய்ச்சிய தைலமே ஒருவரின் உணவில் கலக்கப்பட்டு உயிரைப் பறிக்கிறது. அத்தைலத்தின் மூலப்பொருள், நம் மருத்துவ மரபில் நாபி, வச்சநாபி எனப்படும் நச்சுக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் இதனைச் சுத்தி செய்யாது பயன்படுத்துவதில்லை என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். புறத்தே மருந்தாவது அகத்தே நஞ்சாகும் என்னும் அறிவு காட்ஃபேலுக்குக் கொலையை இனங்காட்டுகிறது. அதே நேரத்தில், தன் கையால் செய்த மருந்து கொன்றது என்னும் பொறுப்பையும் அவர்மீது சுமத்துகிறது.

இவ்விரு படைப்புகளிலும் செடியைப் பற்றிய அறிவை நீக்கினால் கதை நில்லாது. செடி கொலைக்கும் கருவி, கண்டறிதலுக்கும் கருவி.

செடி பெயராகும் கதைகள்

ஆல்பர்ட்டின் புதினங்களிலோ தலைப்பில் நிற்கும் செடி பெரும்பாலும் கொலை செய்வதில்லை. 'டைம் ஆஃப் டெத்' புதினத்தில் சைனாவின் தோழி ஜோ கில்பர்ட் இறந்து கிடக்கிறாள். தற்கொலை எனத் தோன்றும் அம்மரணத்தைச் சைனாவும் ரூபியும் ஐயுறுகின்றனர். அவர்களை உண்மையை நோக்கி நகர்த்துவன பழைய கடிதங்களும் மறைக்கப்பட்ட உறவுகளுமே. தலைப்பில் உள்ள மூலிகை அன்று. 'ரோஸ்மேரி ரிமெம்பர்டு' (1995) புதினத்தில் சைனாவின் கணக்கரான ரோஸ்மேரி என்னும் பெண் சுட்டுக் கொல்லப்படுகிறாள். 'சிலி டெத்' (1998) மிளகாய்க் குழம்புச் சமையல் போட்டியில் நிகழும் மரணத்தைக் கூறுவது. அங்கும் கொல்வது மிளகாயன்று. ஒவ்வாமை உடையவரின் உணவில் கலந்த நிலக்கடலை. 'மிஸ்டில்டோ மேன்' (2000) புதினத்தில் கொல்லப்படுபவன் வாகனம் மோதி இறக்கிறான்.

எனில் செடி இங்கு செய்யும் பணி யாது? இவ்விடத்தில் தமிழ்ப் பொருளிலக்கணம் கைகொடுக்கிறது. தொல்காப்பிய மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள்; மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருள் வெறும் பின்னணியாக நிற்பதுண்டு. உள்ளுறையாகவும் இறைச்சியாகவும் உரிப்பொருளை ஆழப்படுத்துவதும் உண்டு. ஐந்திணைக் காதற்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புதினத்திற்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், ஒரு படைப்பில் இடம்பெறும் செடி மாந்தரின் வாழ்வோடு எவ்வாறு உறவுகொள்கிறது என வினவும் முறையாக அதனைக் கைக்கொள்ளலாம்.

அவ்வாறு நோக்கின், ஆல்பர்ட்டின் வெற்றியும் தளர்வும் ஒருங்கே புலப்படுகின்றன. 'மிஸ்டில்டோ மேன்' வெற்றிக்குச் சான்று. தலைப்பிலுள்ள செடி மரத்தின்மேல் வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சி வாழ்வது. தமிழில் புல்லுருவி என வழங்கும் செடிகளின் வகையினது. கிறிஸ்துமஸ் வணிகத்திற்குச் சைனாவின் கடைக்கு அது தேவைப்படுகிறது. இதே புதினத்தில்தான் ரூபி தன் மார்பகப் புற்றுநோயைத் தோழியிடமிருந்து மறைத்து விலகி நிற்கிறாள். விழாவின் மகிழ்ச்சிக்காகத் தொங்கவிடப்படும் செடி, உடலுக்குள் மறைந்து வளரும் நோயையும், ஊருக்குள் மறைந்து வளரும் வஞ்சத்தையும் ஒருசேரச் சுட்டுகிறது. இங்குக் கருப்பொருள் உரிப்பொருளோடு இயைந்துவிட்டது. கொலைக்குச் செடி தேவைப்படாதபோதும் கதைக்கு அது தேவைப்படுகிறது.

'ரோஸ்மேரி ரிமெம்பர்டு' புதினத்திலும் இத்தகைய இயைபைக் காணலாம். ஐரோப்பிய மரபில் ரோஸ்மேரி நினைவின் அடையாளம். கொல்லப்பட்டவள் தோற்றத்தில் சைனாவை ஒத்தவள். தன்னைப் போன்ற ஒருத்தியின் சாவைத் துருவும்போது, சைனா தன் வாழ்வையே மறுபடி நினைந்து பார்க்க நேர்கிறது.

தளர்வு, இவ்வியைபு நிகழாத இடங்களில் உள்ளது. இயல்தோறும் மூலிகைக் குறிப்புகளை முன்வைப்பதும், நூலின் இறுதியில் சமையற்குறிப்புகளை இணைப்பதும் வரிசை வளர வளர வழக்கமாயின. இவை வாசகருக்குப் பயனுடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதையை நீக்கிவிட்டாலும் குறிப்பு நிற்கும். குறிப்பை நீக்கிவிட்டாலும் கதை நிற்கும். அவ்விடங்களில் செடி கருப்பொருளாக இல்லாமல் அணியாக எஞ்சுகிறது.

யாருடைய சொல் சான்றாகிறது

செடி துப்பறியவில்லை எனில், துப்பறிவது எது? சைனாவின் சட்டப் பயிற்சி என்பதே நேரிய விடை. யாரை எவ்வாறு வினவுவது, எந்தச் சான்று மன்றத்தில் நிற்கும், ஐயத்திற்கும் மெய்ப்பிப்புக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு என்பவற்றை அவள் வழக்கறிஞராகவே அறிந்திருக்கிறாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்பதால், காவல்துறை விரைந்து எட்டும் முடிவுகளை ஐயுறுவது அவளுக்கு இயல்பாகிறது. அருகில் முன்னாள் புலனாய்வாளர் மெக்வெய்டு இருக்கிறான். பின்னர் நகரக் காவல்துறைத் தலைவராகும் ஷீலா டாசனும் அவளுக்குத் தோழியே. ஆக, மூலிகைக் கடைக்காரியின் சொல்லுக்கு மதிப்புக் கிடைப்பது அவள் துறந்துவந்த தொழிலினாலும் அதனோடு தொடர்புடைய உறவுகளாலுமேயாகும். விதரிங்கின் மூதாட்டிக்கு இல்லாதிருந்த சான்றிதழ் சைனாவுக்கு முன்கூட்டியே வழங்கப்பட்டிருக்கிறது.

இது ஆல்பர்ட்டுக்கு மட்டும் உரிய குறையாகுமா என்னும் மறுப்பு எழலாம். பட்டமோ பதவியோ இல்லாத மிஸ் மார்ப்பிள் தன் ஊரறிவாலேயே வெல்கிறாரே என்பர். உண்மையில் அவருக்கும் பிணை உண்டு. ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் சர் ஹென்றி கிளிதரிங் அந்த விருந்தறையில் அமர்ந்து அவர் கூற்றை வியந்து ஏற்கிறார். காட்ஃபேலுக்கு மடத்தின் அங்கி பிணை நிற்கிறது. மூலிகையறிவு தன்னந்தனியே மன்றம் ஏறுவது இம்மூவரிடத்தும் நிகழவில்லை.

இவ்வகையில் ஒப்பிடின் ஆல்பர்ட்டின் தீர்வில் ஒரு முன்னேற்றமும் உண்டு. மார்ப்பிளுக்கான ஒப்புதல் ஓர் ஆண் அதிகாரியின் பெருந்தன்மையிலிருந்து வருகிறது. சைனாவின் தகுதியோ அவளே ஈட்டியது. பிறர் நம்புவதற்காக அவள் காத்திருப்பதில்லை. பெண்ணின் சொல்லுக்குப் பெண்ணே பிணையாகிறாள். ஆனால் அதற்கு அவள் கொடுக்கும் விலை, தோட்டத்து அறிவு தன் சொந்தக் காலில் நிற்கும் வாய்ப்பை இழப்பதாகும்.

ரூபியின் பாத்திரம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. உள்ளுணர்வு, சோதிடம் ஆகியவற்றை நம்பும் ரூபி பலமுறை சரியான திசையை முதலில் உணர்பவளாக இருக்கிறாள். எனினும் அவளது உணர்வைச் சைனா தருக்கமாக மொழிபெயர்த்த பின்னரே அது கதையில் செயல்படுகிறது. மூதாட்டிக்கும் விதரிங்குக்கும் இடையே நிகழ்ந்தது, ஒரே கூரையின்கீழ் இரு தோழியரிடையே அன்போடு மறுபடி நிகழ்கிறது எனலாம்.

துறத்தலே உரிப்பொருள்

இவ்வரிசையின் உயிர்நிலை துப்பறிதலைவிட வேறோரிடத்தில் உள்ளது. சூசன் விட்டிக் ஆல்பர்ட் ஆங்கிலப் பேராசிரியராகவும் பல்கலைக்கழக நிருவாகியாகவும் விளங்கி, அவ்வாழ்வைக் கைவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தவர். உயர்பதவிகளைத் துறந்து தமக்கான பணியை அமைத்துக்கொண்ட பெண்களைப் பற்றிய 'வொர்க் ஆஃப் ஹெர் ஓன்' என்னும் அவரது நூல், முதற்புதினம் வெளிவந்த அதே 1992இல் வெளிவந்தது. இரண்டும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் எனக் கொள்வது தவறாகாது. அதிகாரம் தரும் தொழிலைத் துறந்த பெண், அத்தொழில் கற்பித்த அறிவையும் துறந்தாக வேண்டுமா?

சைனாவின் கதைகள் இதற்கு மீண்டும் மீண்டும் விடை தேடுகின்றன. ஒவ்வொரு கொலையும் அவளைத் தோட்டத்திலிருந்து அவள் விட்டுவந்த மன்றத்தின் மொழிக்குத் திரும்ப அழைக்கிறது. குற்றம் வெளிப்பட்டபின் அவள் மீண்டும் கடைக்கே வருகிறாள். இப்போக்கும் வரவுமே வரிசையின் உரிப்பொருள். மூலிகை இங்குக் கொலையை விளக்கும் அறிவாக இல்லாமல், கொலைக்குப் பிறகும் வாழத் தகுந்த வாழ்க்கை எது என்பதற்கான விடையாக நிற்கிறது. இவ்வாறு காணின், செடி துப்பறியாதது முற்றிலும் குறையன்று. கிறிஸ்டியின் செடி எவ்வாறு இறந்தாள் என்னும் வினாவுக்கு விடை தருகிறது. ஆல்பர்ட்டின் செடி இனி எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்கு விடை தருகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கிறிஸ்டி, பீட்டர்ஸ் ஆகியோரிடம் கருவியாக நின்ற செடி ஆல்பர்ட்டிடம் குறியீடாக மாறுகிறது. அக்குறியீடு மாந்தர் வாழ்வோடு இயையும் இடங்களில் புதினம் உயர்கிறது. இயையாத இடங்களில் செடி அணியளவில் எஞ்சுகிறது. இரண்டாவது, மூலிகை அறிந்த பெண்ணின் சொல்லைச் சான்றாக்குவதாக உறுதியளிக்கும் இவ்வகைமை, அச்சொல்லுக்கு வேறொரு துறையின் பிணையைத் தேடிக்கொள்கிறது. மூன்றாவது, ஆல்பர்ட் அப்பிணையைக் கதைத்தலைவியிடமே வைத்ததன்மூலம் பெண்ணின் தற்சார்பை நிறுவுகிறார். ஆயினும் தோட்டத்து அறிவு தனியே சான்றாக நிற்குமா என்னும் வினாவை எதிர்கொள்ளவில்லை.

இம்மூன்றாவது முடிபு நம் ஆய்வுத்துறைக்கும் உரியது. நாட்டார் மருத்துவம் குறித்த ஆய்வேடுகளில், மருந்தறிவைத் தந்த பெண்கள் பின்னிணைப்பின் தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, ஊர் என்னும் அளவில் நின்றுவிடுகின்றனர். இயல்களின் வாதத்தில் அவர்களுடைய காரணகாரியச் சிந்தனை இடம்பெறுவது அரிது. இன்ன இலையை ஏன் பறித்தார், எந்நோய்க்கு ஏன் கொடுக்க மறுத்தார், அளவை எவ்வாறு அறிந்தார் என அவரையே வாதிடச் செய்யும் ஆய்வுகள் பெருகவேண்டும். விதரிங் தம் நூலில் மூதாட்டியைக் குறிப்பிடும் நேர்மையைக் காட்டினார். அவர் பெயரையும் அவர் கூறிய காரணத்தையும் பதிவு செய்திருப்பின், பிற்காலம் விளம்பரத்திலிருந்து ஒரு பெயரைக் கடன்பெற நேர்ந்திராது.